போட்டில் எரிந்த சிவப்பு விளக்கு

மேல்கரை எஸ்டேட்
14.11.2001

அன்பு மகன் யோகராஜுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தங்கச்சி சுகுணாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீ அங்கே திருப்பூர் வெயிலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டுமென்று அம்மா விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறாள். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சுகுணாதான் சத்தமாகப் படித்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள், மீதியை நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். கோபமாக எழுதியிருக்கிறாய். ஒரே அறையில் படுத்துக்கொண்டு இருளப்பன் அண்ணன் மகன் தினகரன் உன்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றால் உனக்கும் கஷ்டமாகத்தானே இருக்கும். நீ கேட்டதற்குப் பதில் எழுதாமல் ஊர்க் கதையெல்லாம் எழுதினால் உனக்கு இன்னும் கோபம் வரும் என்பதால் நேராகவே சொல்கிறேன். அணையில் நான் ஓட்டுகிற எஸ்டேட் போட்டின் பேட்டரியை நான் ஒரு நாளும் வீட்டுக்குக் கொண்டுவந்து டி.வி. பார்த்ததில்லை. கம்பெனி பில் கட்டாமல் லயத்து வீடுகளுக்குக் கரண்டை நிறுத்திய பிறகு நம் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான், டி.வி. மேல் அம்மா துணி மடித்து வைத்திருக்கிறாள். டீக்கடையில் யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள், அது திருப்பூர் வரைக்கும் வந்துவிட்டது.

இருளப்பன் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்த அன்று நடந்ததை உனக்கு யார் எப்படிச் சொன்னார்களோ தெரியாது. விடிந்ததும் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்கள், அவர் சம்சாரம் மாரியாயி அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது. நான் சாவியைத் திருகினேன், செல்ஃப் எடுக்கவில்லை. டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கையால் சுற்றுகிற கைப்பிடி உடைந்து போய், வேறு வேண்டும் என்று எஸ்டேட் மேனேஜர் தொரையிடம் எத்தனை முறை கேட்டேன் என்பது உனக்கே தெரியும். அணைத் தண்ணீரைத் தாண்டிவிட்டால் அக்கரையில் ஜீப் நிற்கும், கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. போட்டு எடுக்கவில்லை என்றதும் கம்பளியைக் கம்பில் கட்டி அதில் அண்ணனைப் படுக்க வைத்துக் காட்டுப் பாதையில் சுற்றித் தூக்கிப் போனோம். நானும் ஒரு பக்கம் தூக்கினேன். ரோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அண்ணன் போய்விட்டார். அந்த அக்கா அழவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை நான் என்னவென்று எழுதுவேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தப்பு என்னுடையதா என்று தெரிந்தாக வேண்டும் என்று போட்டைப் பிடித்துக்கொண்டேன். பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தது, சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி இறுக்கினேன். பேட்டரித் தண்ணீர் குறைந்திருந்தது, ஊற்றினேன். மூடுபனி இறங்கி ஈரமாகியிருக்குமோ என்று பீஸ் கட்டைகளைக் கழற்றித் துடைத்து அடுப்போரம் காய வைத்தேன், அம்மா என்ன கருவாடா காய வைக்கிறீர்கள் என்று கேட்டாள். டைனமோ மேல் சந்தேகப்பட்டு பெல்ட்டை மாற்றினேன். எமரால்டு பஜாருக்குப் போய் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிவந்து மாட்டினால் இன்ஜின் ஒரே திருகில் எடுத்துக்கொள்ளும், மீட்டர் முள் சார்ஜ் பக்கம் போய் நிற்கும், டைனமோவில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் நாலைந்து நாள் சும்மா நின்றால் மறுபடி செத்துப்போகும். ஓடும்போது நன்றாக இருந்து, நிற்கும்போது சாகிறது என்றால் நிற்கும்போதுதான் எதுவோ தின்கிறது என்று புத்திக்குப் பட்டது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வயரைக் கழற்றி மறுபடி பேட்டரி முனையில் லேசாகத் தொட்டேன். சின்னதாகப் பொறி வந்தது. எல்லாம் அணைந்திருக்கும்போது பொறி வரக்கூடாது. ஒவ்வொரு வயராகப் பிரித்துத் தொட்டுப் பார்த்தேன். ஒரு மெல்லிய வயரைப் பிரித்ததும் பொறி நின்றுவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன், கேபினில் இருக்கிற முருகன் படத்தில் போய் நின்றது. படத்துக்கு முன்னால் எப்போதும் எரியும் சிவப்பு விளக்கு, நினைவிருக்கிறதா.

அது யார் வைத்தது என்று உனக்குத் தெரியும். தினகரன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது போட்டிலிருந்து தண்ணீரில் விழுந்து, மூச்சு நின்று, பிறகு பிழைத்தான் அல்லவா. அன்றைக்கு இருளப்பன் அண்ணன் வேண்டிக்கொண்டு பழனியிலிருந்து வாங்கி வந்த படம் அது. பையன் பேரில் எரியும் விளக்கு, மெயினை அணைத்தாலும் அணையக் கூடாது என்று ஃபேக்டரி ஃபிட்டர் சில்வஸ்டரைக் கெஞ்சி பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுக்க வைத்தார். அதில் தப்பே இல்லை. அப்போதெல்லாம் தேயிலை மூட்டை ஏற்றிக்கொண்டு போட்டு தினமும் பல நடை போகும், விளக்கு தின்றதைப் போல பல மடங்கை டைனமோ திருப்பி ஏற்றிவிடும். இப்போது இலைக்கு விலை இல்லை, ஃபேக்டரி வாரத்துக்கு ஒரு நாள் ஓடினால் பெரிது, சில்வஸ்டரும் வேலையை விட்டுவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டார். போட்டு கரையில் கட்டிக் கிடக்கிறது, விளக்கு மட்டும் ராவும் பகலும் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. மகன் உயிருக்காக ஏற்றிய விளக்கு தகப்பன் உயிரைக் காப்பாற்ற வேண்டிய நேரத்துக்கு பேட்டரியைக் காலி செய்து வைத்திருக்கிறது. கண்டுபிடித்ததும் நான் கேபினிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊரே உங்களைக் காறித் துப்பாத குறையாப் பேசுது, போயி அந்த வயரைக் காட்டி உண்மையச் சொல்லிட்டு வாங்க, நம்ம புள்ள தலை நிமிந்து நடக்க வேணாமா என்று கத்தினாள். நானும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் மாரியாயி அக்கா ரேஷனுக்குப் போக போட்டில் ஏறியது. என்னோடு பேச்சில்லை, ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டது. வயரைப் பிரித்துவிட்டேன் என்று சொல்லாமல், பல்பு போய்விட்டது என்றேன். மறுபடி போட்டு போன நாளில் அந்த அக்கா மடியிலிருந்து காகிதத்தில் சுற்றிய புதுச் சிவப்பு பல்பை எடுத்து இன்ஜின் பெட்டி மேல் வைத்தது. அவுக போயிட்டாக, எனக்குன்னு இருக்கது அந்தப் புள்ள ஒண்ணுதான் செல்லையா, அவன் வெளக்க அணைய விட்றாதீங்க என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சம்பளம் வராத இந்த நேரத்தில் அதை எங்கே எப்படி வாங்கியதோ. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். யாருகிட்டயும் சொல்ல வேணாங்க என்றாள். அதோடு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

பல்பை மாட்டிவிட்டேன், தனியாக ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். அக்கா கரைக்கு வருவது தெரிந்தால் போடுவேன், போனதும் அணைத்துவிடுவேன். போட்டு இப்போது எத்தனை நாள் நின்றாலும் எடுக்கிறது. போன வாரம் கைக்குழந்தைக்கு வலிப்பு வந்து ஒரு பெண் ஓடிவந்தாள், முதல் திருகிலேயே எடுத்துக்கொண்டது, பிள்ளை பிழைத்துக்கொண்டது. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

யோகராஜ், இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். நீ என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று ஒரு தகப்பனுக்கு ஆசை இருக்காதா. ஆனால் தினகரனிடம் என்னைக் காப்பாற்றப் பேசாதே. அவன் விடாமல் கேட்பான், பேட்டரி எப்படிக் காலியானது என்று குடைவான், இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்டத் தெரிந்த பையன். அப்படிக் கேட்டால், ஆமாம், எங்கப்பா பேட்டரியை எடுத்துக்கொண்டுபோய் டி.வி. பார்த்தது உண்மைதான் என்று சொல்லிவிடு. என்னை வெறுத்துக்கொண்டு அவன் நன்றாகத் தூங்கலாம். தன் பேரில் எரிந்த விளக்கு என்று தெரிந்தால் அந்தப் பையன் எப்படித் தூங்குவான். அவன் பேசாவிட்டாலும் நீ சோற்றை எடுத்து அவன் பக்கம் வை. உன்னை ஏதாவது திட்டினால் என்னை நினைத்துப் பொறுத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. முருகன் உன்னையும் அவனையும் ஒன்றாகவே காப்பாற்றட்டும். ஒரே அறையில் இருக்கிறீர்கள், இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் அப்பா
செல்லையா