மூன்றாம் டிரம்மில் உன் பூட்டு

அன்புள்ள காம்பஸ்,

நான் நலம். நீ நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. இந்தத் தடவை அதற்குப் பதில் வேண்டும்.

உன் போன் அணைந்தே கிடக்கிறது. உன் அக்காவிடம் பேசினேன். வந்தாயாம். சாப்பிட்டாயாம். அவர் மகளின் சைக்கிள் செயின் கழன்று கிடந்ததைப் பார்த்து, தரையில் உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தாயாம். இன்டர்வியூ இருக்கிறது என்று கிளம்பிவிட்டாயாம். பையை அங்கேயே விட்டிருக்கிறாய். அதில் இஸ்திரி போட்ட சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கிறதாம். 'எந்த ஊர்ல இன்டர்வியூன்னு உன்கிட்டயாவது சொன்னானா தம்பி?' என்று கேட்டார். சொன்னான், மறந்துவிட்டேன் என்றேன். பொய் சொல்ல எனக்குச் சிரமமாகவே இல்லை. இப்போதெல்லாம் எதுவும் சிரமமாக இல்லை.

பையை எடுக்க வருவாய் என்று அக்கா நம்புகிறார். அதனால் இந்தக் கடிதம் அங்கே வருகிறது.

இங்கே பெரிய செய்தி இல்லை. சோப்புத்தூள் ஆலையில் சோப்புத்தூள் தயாராகிறது. சேர்ந்த புதிதில் தும்மித் தள்ளினோமே, அந்த வாசனை எனக்கு இப்போது தெரிவதே இல்லை. உன் கட்டிலில் துவைத்த துணியைப் போடுகிறேன். கேன்டீன்காரர் என்னைப் பார்த்ததும் இரண்டு டீ நீட்டுகிறார். திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை. இரண்டையும் குடிக்கிறேன்.

தூள் கலக்கும் மூன்றாம் டிரம் ஓடவில்லை. மெயின் சுவிட்சில் உன் சிவப்புப் பூட்டு தொங்குகிறது, உன் போட்டோ ஒட்டிய அட்டையோடு. சாவி உன் பாக்கெட்டில். அன்று யாரும் ஓட்டிவிடாதபடி பூட்டிவிட்டு, நீ உள்ளே இறங்கி பிளேடுகளைப் பார்த்தாய். வெளியே வந்தாய். சாப்பிடப் போகிறேன் என்றாய். பூட்டைக் கழற்றாமலே கேட்டைத் தாண்டிவிட்டாய்.

கேன்டீன் போகும் வழியில்தான் நாம் எழுதிய டிசைன் பிரிவுத் தேர்வின் முடிவை ஒட்டியிருந்தார்கள். ஒரே இடம். என் பெயர்.

இதை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன். கல்லூரி விடுதியில் சுவரெல்லாம் எஞ்சின் வரைந்தவன் நீ. சாப்பிடப் போகும்போதும் சட்டைப் பையில் காம்பஸ் இருக்கும். அந்தப் பெயரை வைத்தவன் நான். மெக்கானிக்கல் முடித்தால் ரயிலா, விமானமா என்று சண்டை போட்டோம். டிரம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. முடிவைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷம் கொஞ்சம் தாமதமாக வரும் என்று நின்று பார்த்தேன். பின்னால் வந்தவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தேன்.

சட்டம் உனக்குத் தெரியும். பூட்டியவன்தான் திறக்க வேண்டும். அவன் ஆலையில் இல்லையென்றால் வெட்டலாம். அதற்கு அவனோடு வேலை பார்ப்பவன் கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். 'உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தாச்சு. ஆள் இல்ல. அப்புறம் என்னப்பா யோசனை?' என்றார். கையெழுத்தைப் போட்டுவிட்டு ஒன்றாம் தேதி டிசைனுக்குப் போ என்றார். நியாயமாகத்தான் பேசினார். குரல்கூட உயரவில்லை.

வாசகம் நினைவிருக்கிறதா? பயிற்சியில் நம்மைச் சத்தமாகப் படிக்க வைத்தார்கள். 'பூட்டியவர் பத்திரமாக வெளியே இருக்கிறார் என உறுதி செய்கிறேன்.' வெளியே இருக்கிறாய். அது தெரியும். அதற்கு முந்திய வார்த்தையில் பேனா நின்றுவிட்டது.

போன மாதம் வேலை முடிந்தும் நீ டிரம்முக்குள்ளேயே படுத்திருந்தாய். நான் எட்டிப் பார்த்தேன். 'இங்க நல்லா இருக்குடா. யாரும் கூப்பிட மாட்டாங்க. சாவி என்கிட்ட இருக்கு' என்றாய். வாடகை கொடுத்துவிட்டுப் படு என்றேன். நீ சிரித்தாய். சிரித்தாய் என்றுதான் நினைக்கிறேன். அந்த இரும்புக்குள் எந்தச் சத்தமும் சிரிப்பு மாதிரித்தான் கேட்கும்.

எலக்ட்ரீஷியன் கட்டரோடு வந்தார். நான் என் பூட்டை எடுத்து உன்னுடையதற்குப் பக்கத்தில் மாட்டினேன். நான் வேலைக்கு வந்துகொண்டிருக்கும்வரை அதை வெட்ட முடியாது. அவர் என்னைப் பார்த்தார், பூட்டுகளைப் பார்த்தார். 'அவன்தான் லூசுன்னு நெனச்சேன்' என்று சொல்லிவிட்டு, கட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ஒன்றாம் தேதி வரை பொறுப்பதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு டிசைன் இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போகும். அது நீயாக இருந்தால் விட்டுவிடலாமே என்று விசாரித்தேன். நீ இல்லை. வேறு யாரோ.

உன்னைத் திரும்பி வரச் சொல்லவில்லை. மெக்கானிக்கலே வேண்டாம் என்றால் வேண்டாம். சாவியையும் அனுப்ப வேண்டாம். ஒரு வரி எழுது. பத்திரமாக வெளியே இருக்கிறேன் என்று, உன் கையால். கையெழுத்துப் போட்டு இரண்டு பூட்டையும் நானே எடுத்துவிடுகிறேன்.

வரி வரும்வரை என் பூட்டு அங்கேயே தொங்கும். ஒன்றாம் தேதி வந்தாலும்.

வேளைக்குச் சாப்பிடு. எங்கே தங்கினாலும் சரி, கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளாதே.

உன் பதிலுக்காக,
அறைக்காரன்