என் பெயரை நீக்கி என் மகளின் பெயரைப் பொறிக்க வேண்டி

அனுப்புநர்:
க. விநாசித்தம்பி,
ஓய்வுபெற்ற தலைமைக் கிராணி (துறைமுகக் கிடங்குப் பிரிவு),
எண் 47-பி, டத்தோ கிராமாட்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.

பெறுநர்:
திரு. சீனி முகம்மது அவர்கள்,
செயலாளர்,
விளையாட்டாளர் கௌரவப் பலகைக் குழு,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.

பொருள்: கௌரவப் பலகையின் பதினோராவது வரியில் தவறாக வெட்டப்பட்டுள்ள என் பெயரை அகற்றி, உரியவரின் பெயரைப் பொறிக்கக் கோருதல்.

பார்வை: (1) என் மலாய்க் கடிதம், 2.6.1994. (2) தங்கள் குழுவின் பதில், 27.6.1994.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த விஷயமாக நான் எழுதும் இரண்டாவது கடிதம் இது. முதல் கடிதத்தை மலாயில் எழுதினேன். அது அரைப் பக்கத்தில் முடிந்தது. பதிலும் அரைப் பக்கத்தில் வந்தது. தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை நடத்தும் என் நண்பர் ஹனீபா சொன்னார். மலாயில் எனக்கு விதிகளைப் பற்றித்தான் எழுத வருகிறது, மகளைப் பற்றி எழுத வரவில்லை. ஆகவே தமிழில் எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. வரும் ஆகஸ்டு 27ஆம் தேதி திறக்கப்படவுள்ள பித்தளைப் பலகையில், நம் மாநிலத்தில் பிறந்து வெளியே போய் வென்ற பதினான்கு விளையாட்டாளர்களின் பெயர்கள் இடம்பெறுகின்றன. பதினோராவது வரி, 1993ஆம் ஆண்டு ஆசிய நெடுநேரக் கார்ப்பந்தயத் தொடரில் சாம்பியன் பட்டம் பெற்றவருக்கு உரியது. அந்த வரியில் 'விநாசித்தம்பி' என்று வெட்டியிருக்கிறார்கள். பட்டறைக்கு நேரிலேயே போய்ப் பார்த்தேன். எழுத்து அழகாக விழுந்திருக்கிறது. பட்டறைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனால் ஆள்தான் தவறு. விநாசித்தம்பி என்பவன் நான். எனக்கு அறுபத்து நான்கு வயது, கார் ஓட்டத் தெரியாது. உரிமம் எடுக்க இரண்டு முறை போய், இரண்டு முறையும் மேட்டில் வண்டியை நிறுத்திவைக்கத் தெரியாமல் திரும்பி வந்தவன்.

பட்டம் வென்றவள் என் ஒரே மகள் அருந்ததி.

3. தவறு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பிள்ளையின் பெயர், அதன் பின்னால் தகப்பன் பெயர், அவ்வளவுதான். வெளிநாட்டுப் பந்தயக்காரர்களோ கடைசியில் நிற்பதுதான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 1988இல் அவள் ஜப்பானுக்குப் போய் முதன்முதலாக ஆறு மணி நேர ஓட்டத்தில் கலந்துகொண்டபோது, காரின் கூரையோரத்தில் என் பெயரை எழுதிவிட்டார்கள். ஒரே காரை மூன்று பேர் முறை வைத்து ஓட்டும் பந்தயம் அது. மற்ற இருவர் பெயரும் பெரிதாக இருந்தன. என் பெயர் நீளம் என்பதால் எழுத்தைச் சுருக்கியிருந்தார்கள். பிறகு பத்திரிகையில் அதுவே வந்தது, கோப்பையில் வந்தது, இப்போது தங்கள் பலகையிலும் வந்துவிட்டது.

அந்தச் செய்தி வந்த காலையில் ஹனீபா பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க ஜப்பான்ல காடி ஓட்டி ரெண்டாவதா வந்திருக்கீங்கலா! அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் போனீங்களா?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தேநீரை முடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

4. தங்கள் பதிலில் இரண்டு காரணங்கள் காட்டப்பட்டுள்ளன. போட்டியில் வழங்கிய பெயரே பலகையில் இடம்பெறும் என்ற விதி ஒன்று. 'பொறிக்க வேண்டிய பெயர்' என்ற கட்டத்தில் என் மகளே இதைத்தான் எழுதியிருக்கிறாள் என்பது மற்றொன்று. அவள் நிரப்பிய படிவத்தின் நகலையும் இணைத்திருந்தீர்கள். அது அவள் கையெழுத்துத்தான், மறுக்கவில்லை. விதியும் எனக்குப் புரியாத சங்கதி அல்ல. முப்பத்து நான்கு ஆண்டுகள் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதி, விதியைக் காட்டியே மற்றவர்களைத் திருப்பி அனுப்பியவன் நான். ஆனாலும் இந்தப் பெயர் அந்த வரியில் இருக்கத் தகுதியற்றது. அதற்குச் சாட்சி வேண்டுமென்றால் நானே சாட்சி. கீழ்க்கண்டவற்றைத் தாங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

5. 1975ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை. என் மனைவி செல்வநாயகி பல் வைத்தியரிடம் போயிருந்ததால், பதின்மூன்று வயது அருந்ததியை வேலைக்குக் கூட்டிப்போனேன். நான்காம் எண் கிடங்கில் நான்கு கோ-கார்ட்டுகள் பெட்டி பிரித்துக் கிடந்தன. கூரையும் இல்லை, கதவும் இல்லை. தரையோடு தரையாக நான்கு சக்கரம், ஓர் இருக்கை, புல்வெட்டும் இயந்திரத்தினுடையதைப் போல ஓர் எஞ்சின். விளையாட்டுச் சாமான் என்று பதிவதா, வாகனம் என்று பதிவதா என்று தெரியாமல் வைத்திருந்தோம். மகள் நச்சரித்ததால் ஒன்றில் உட்கார வைத்தேன். ஆறு நிமிடம் இருந்தாள். எஞ்சினில் எண்ணெய்கூட இல்லை. வாயாலேயே சத்தம் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினாள். இறங்கச் சொன்னபோது, "அப்பா, இது வாகனம்தான்லா. வாகனம்னே எழுதுங்க" என்றாள். அப்படியே எழுதினேன். அவளுடைய பந்தய வாழ்வில் நான் செய்த உதவி இது ஒன்றுதான்.

6. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. மனைவியின் அண்ணன் தியாகராஜா அக்கரையில் பைராம் தோட்டத்து மருந்தகத்தில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசராக இருந்தார். சனிக்கிழமைதோறும் தாயும் மகளும் ஃபெரி ஏறி அவர் வீட்டுக்குப் போவார்கள். அங்கே மாமியிடம் தேவாரம் படிப்பதாக எனக்குச் சொல்லப்பட்டது. அங்கே இருந்ததோ ஒரு பழைய கோ-கார்ட்டும், தோட்டத்து ஆலைக்கு முன்னால் அகலமான ஒரு சிமெண்டுத் தளமும்தான். மகள் குள்ளம். கால் பிரேக்குக்கு எட்டவில்லை என்று மனைவி தன் நீலச் சேலையைக் கிழித்து முதுகுக்குத் திண்டு தைத்துக் கொடுத்திருக்கிறாள். சேலை எங்கே என்று நான் கேட்டதற்குச் சாயம் போய்விட்டது என்றாள். ஞாயிற்றுக்கிழமை நான் மகளைப் பாடச் சொல்லிச் சோதிப்பேன். ஒரு பிழை இருக்காது. ஃபெரியில் போக வர உள்ள நேரத்தில் தாயிடம் கற்றுக்கொண்டதாம் அத்தனையும். முழங்காலில் செம்மண் ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன்தான். தோட்டத்தில் விழுந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆகவே, பலகையில் குடும்பத்தார் பெயர் ஒன்று வேண்டும் என்றாலும் அது செல்வநாயகியின் பெயராக இருக்க வேண்டும்.

7. இனி எழுதப்போவது எழுதக் கஷ்டமானது. 1978இல் மாநில கோ-கார்ட் இறுதிப் போட்டிக்கு அருந்ததி தேர்வானாள். அவளுக்குப் பதினாறு வயது. தகப்பன் கையொப்பமிட்ட சம்மதப் படிவம் கட்டாயம். மனைவி அதை என் மேசைமேல் வைத்து நடந்ததையெல்லாம் சொன்னாள். நான் சத்தம் போடவில்லை. போட்டி நடத்தும் கழகத்துக்கு நானே அனுப்பிவிடுகிறேன் என்றேன். அன்று மாலை மகள் எனக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். சந்தோஷத்தில் சீனியை அள்ளிப் போட்டிருந்தாள்.

படிவத்தை நான் அனுப்பவில்லை. அதைக் கோப்பில் வைத்துவிட்டுக் கழகத்துக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் அனுப்பினேன். இந்தச் சிறுமிக்குத் தகப்பன் சம்மதம் இல்லை, ஓட விட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன் என்று எழுதியிருந்தேன். என் உத்தியோக காலம் முழுவதிலும் அவ்வளவு கச்சிதமாக நான் எழுதியதில்லை. போட்டியன்று அவள் தலைக்கவசம் மாட்டி வரிசையில் உட்கார்ந்த பிறகு, பட்டியலில் அவள் பெயரைக் கோடு போட்டு அடித்து, வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மற்றவர்கள் ஓடியதைக் கடைசி வரை பார்த்தாளாம். தலைக்கவசத்தைக் கழற்றவே இல்லை என்று தியாகராஜா சொன்னார். ஏன் கழற்றவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் சின்ன வயதிலும் அழுதால் முகத்தை மூடிக்கொள்வாள்.

பயத்தில்தான் செய்தேன், ஐயா. ஒரே பிள்ளை. பயமாயிருக்கிறது என்று அவளிடமே சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

8. 1983இல், இருபத்தொரு வயதில், கோலாலம்பூரில் ஒரு பந்தயக் குழுவில் தட்டச்சு வேலை கிடைத்து வீட்டை விட்டுப் புறப்பட்டாள். தட்டச்சு செய்யப் போகவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வாசலில் வைத்து, "எங்க வேணும்னாலும் போ. என் பேர மட்டும் எங்கயும் சொல்லாத" என்று சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். பத்து ஆண்டுகள் நானும் அவளும் பேசவில்லை. ஓட்டுநர் ஒருவர் வராத நாளில் அவளைக் காரில் ஏற்றினார்கள் என்றும், சாதாரண வீட்டுக் கார்கள் ஓடும் சலூன் கார்ப் பந்தயத்தில் இரண்டு வருடத்தில் முதலாவதாக வந்தாள் என்றும், ஜப்பானியக் குழு ஒன்று அழைத்துக்கொண்டது என்றும் தாய்க்கு எழுதிய கடிதங்களிலிருந்து அறிந்தேன். அந்தக் கடிதங்களை மனைவி மேசைமேல் விரித்தே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒட்டிய நோட்டுகள் மூன்று என்னிடம் உள்ளன. குழுவுக்குத் தேவைப்பட்டால் தருகிறேன். திருப்பித் தந்துவிட வேண்டும்.

என் பெயரை எங்கும் சொல்லாதே என்று அனுப்பிய பிள்ளையின் காரில் என் பெயரையே எழுதிவிட்டார்கள். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்றியிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. என்னைக் குத்திக்காட்டவா, வேறு எதற்காகவா என்று ஆறு ஆண்டுகளாக எனக்கு விளங்கவில்லை.

9. சென்ற ஆண்டு ஜொகூர் பந்தயத் தளத்துக்கு அந்தத் தொடர் வந்தபோது, நானும் மனைவியும் ரயிலேறிப் போனோம். அருந்ததி தன் முறையை முடித்துக் காரைக் குழுவின் கொட்டகை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். இந்தப் பந்தயத்தில் வேகம் மட்டும் போதாதாம். காரை நோகாமல் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டுமாம். அவள் இறங்கும்போது இருக்கையிலிருந்து ஒரு திண்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். உயரமான அடுத்த ஓட்டுநருக்கு அது தேவையில்லை. மேலே என்ன துணியோ போர்த்தியிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் நீலம் தெரிந்தது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, "அப்பா, வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்றாள். அவ்வளவுதான். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அவள் கேட்டது அது ஒன்றைத்தான். என்னிடமோ கேட்க ஆயிரம் இருந்தும், உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

10. நான் கேட்காமல் விட்டதற்குத் தங்கள் குழு அனுப்பிய நகலில் பதில் இருந்தது. படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் 'முதல் பயிற்சியாளர்' என்று ஒரு கட்டம். அதில் அவள், "என் அப்பா. நான்காம் எண் கிடங்கு. ஆறு நிமிடம்" என்று எழுதியிருக்கிறாள். அந்த நிமிடங்களை நான் மட்டும்தான் எண்ணிவைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

என்றாலும் இது சரியான தகவல் அல்ல. ஆறு நிமிடம் உட்கார வைத்தது பயிற்சியில் சேராது. அவள் இப்படி எழுதியது பெருந்தன்மையினால். பெருந்தன்மையை ஆதாரமாக ஏற்றுக்கொண்டு குழு பித்தளையில் வெட்டக் கூடாது.

11. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து,

(அ) பதினோராவது வரியிலிருந்து 'விநாசித்தம்பி' என்பதை அகற்றவும்;

(ஆ) அங்கே 'அருந்ததி' என்று, மற்றவர்களுக்கு இட்ட அதே அளவு எழுத்தில் பொறிக்கவும். அவள் பெயர் சின்னது; சுருக்க வேண்டியிருக்காது;

(இ) தகப்பன் பெயர் இல்லாமல் முடியாது என்று விதி நிற்குமானால், பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி அவள் பெயருக்குப் பின்னால், சிறிய எழுத்தில் போடவும்.

12. அருந்ததி ஆகஸ்டு 25ஆம் தேதி வீட்டுக்கு வருகிறாள். அவளுடைய அறையை மனைவி இப்போதே கூட்டித் துடைத்து வைத்துவிட்டு, பதில் வந்ததா என்று தினமும் கேட்கிறாள். பலகையில் அவள் தன் பெயரைப் பார்க்க வேண்டும். தெருவில் போகிற யாரோ ஒரு பிள்ளையும் அதை வாசித்து, இது ஒரு பெண் பெயர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குள் வேலை முடியாது என்றால், அந்த ஒரு வரியின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டியாவது திறந்து வையுங்கள். ஒருமுறை என் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பட்டியலில் அவள் பெயரை அடித்தார்கள். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பட்டியலில் அதை எழுதினார்கள் என்று இருக்கட்டும், ஐயா.

தங்கள் நல்ல பதிலுக்காகத் தினமும் தபால்காரரை வாசலில் நின்று எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
க. விநாசித்தம்பி,
அருந்ததியின் தகப்பன்.

இடம்: ஜார்ஜ் டவுன்
நாள்: 11.7.1994

இணைப்பு:
1. மகளின் பிறப்புச் சான்றிதழ், நகல்.
2. தங்கள் 27.6.1994 பதில், நகல்.
3. 1978ஆம் ஆண்டு மாநில கோ-கார்ட் இறுதிப் போட்டிக்கான தகப்பன் சம்மதப் படிவம், அசல். இன்றைய தேதியிட்டுக் கையொப்பமிட்டிருக்கிறேன். இதைக் கோப்பில் வைக்க வேண்டாம். விழாவன்று அருந்ததியின் கையில் கொடுத்துவிடவும்.