அவருக்குச் சங்கீதம் தெரியாது

8-8-93, ஞாயிறு

இவர் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போய்விட்டார். ஓவர்டைம் பார்க்கிற மனுஷன் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று நானே எடுத்துக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன். மில் வாசலில் வாட்ச்மேன் பால்பாண்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம ஆபீஸ் ஏதும்மா? சார் அய்யூப் கடைலல்லா இருப்பாவ. வாராவாரம் அங்கதான்."

அய்யூப்பின் ரேடியோ ரிப்பேர் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே மாவு மெஷினும் லாரியும் மோதிக்கொண்ட மாதிரி சத்தம். குனிந்து பார்த்தால் என் கணவர் ஸ்ரீமான் அழகியமணவாளன்! நெற்றியில் காலையில் இட்ட ஸ்ரீசூர்ணம், தோளில் எலக்ட்ரிக் கிடார், கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறார். அய்யூப் டிரம்ஸ் அடிக்கிறார்.

டிபன் பாக்ஸை ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

9-8-93

பெண் பார்க்க வந்தபோது வயலின் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். "சரணத்துல மத்யமம் ஒரு பொட்டு ஏறிடுத்து" என்றார் இவர். ஏறித்தான் இருந்தது. அப்பா பூரித்துப்போனார். எங்கே பயிற்சி என்று கேட்டதற்கு, "பெங்களூர்ல வேலையா இருந்தப்போ, மூணு வருஷம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சம்மதித்தேன்.

நேற்று வந்ததும் வராததுமாகக் கேட்டேன். யார் உங்க குரு?

"குருன்னு யாரும் இல்லை, கோதை. கேசட்தான்."

ஹெவி மெட்டல் என்று ஏதோ இங்கிலீஷ் பாட்டாம். பெங்களூரில் ஒரு பாண்டில் இருந்தாராம். இப்போது பத்து மாசமாக ஞாயிறு தோறும் ஓவர்டைம். நானும் மெனக்கெட்டு வடாம் வேறு பொரித்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்!

பன்னிரண்டு வருஷம் சாதகம் பண்ணினவள் நான். ஹையர் கிரேடு பாஸ் பண்ணினவள். கூட உட்கார்ந்து வாசிக்க ஒருத்தர் கிடைத்தார் என்று நம்பினேன் — மோசம் போனேன்.

15-8-93

கிடார் இப்போது வீட்டுக்கே வந்துவிட்டது. இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது?

பரீட்சை வைத்தேன். கல்யாணிக்கு ஆரோகணம் சொல்லுங்கோ. தெரியவில்லை. ஆதி தாளம் போடுங்கோ. விரல் எண்ணவே வரவில்லை. கடைசியாக வர்ணத்தில் முக்தாயி ஸ்வரத்தை வேகமாக வாசித்துக் காட்டினேன், திணறட்டும் என்று. காபி ஆறுவதற்குள் அதை அப்படியே கிடாரில் திருப்பி வாசித்தார்.

"இதைக் கிளி கூடத்தான் பண்ணும்" என்றேன். "உங்களுக்குச் சங்கீதம் தெரியாது. சத்தம்தான் தெரியும்."

முகம் சுருங்கிப்போயிற்று. நன்றாக வேண்டும்.

27-8-93

ஒரு கேசட்டைக் கையில் கொடுத்தார். அவரும் அய்யூப்பும் வாசித்துப் பதிவு பண்ணினது. பெங்களூரில் ஒரு பெரிய பாண்டுக்குக் கிடார் வாசிக்க ஆள் எடுக்கிறார்களாம். ஐந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டுமாம்.

"ஏழு மணி பஸ்ஸை விட்டா மில்லுல ஏசுவா. நீ போஸ்ட் பண்ணிடறயா? உன்னை விட்டா எனக்கு யார் இருக்கா?"

இவரைச் சேர்த்துக்கொண்டால் மில் வேலையை விட்டுவிடுவாராம். என்னையும் அழைத்துக்கொண்டு போவாராம். வரயான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

தபாலாபீஸ் வரைக்கும் போனேன். உள்ளே போகவில்லை.

28-8-93

"போஸ்ட் பண்ணியாச்சா?"

"ஆச்சு."

ரசீது கேட்கவில்லை. என்னை நம்புகிறாராம். நானும்தான் நம்பினேன்.

6-9-93

கெடு நேற்றோடு முடிந்தது.

12-9-93, ஞாயிறு

அவர் ராஜபாளையம் போனதும் கேசட்டைப் போட்டுக் கேட்டேன். கேலி பண்ண ஏதாவது அகப்படும் என்றுதான்.

முதல் பாட்டு வெறும் தலைவலி. இரண்டாவதில் கை தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. ஏழு. ஏழு. அப்புறம் ஐந்து. மறுபடி ஏழு. நாலு நிமிஷத்தில் ஒரு இடத்தில் கூட இடறவில்லை. நடுவில் அவர் மட்டும் தனியாக ஓடுகிற இடம் ஒன்று வருகிறது. வயலினை எடுத்தேன். ஒன்பது தடவை ரீவைண்ட் பண்ணினேன். வரவில்லை.

எழுதிக் கொடுத்தால் வாசித்துவிடுவேன். பன்னிரண்டு வருஷமும் யாரோ எழுதிக் கொடுத்ததைத்தானே வாசித்திருக்கிறேன்? காதால் பிடிக்க எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லித் தரவில்லை? நெருடுகிற இடத்திலெல்லாம் தட்டிக் கொடுத்து, பாஸ் போட்டு அனுப்பிவிட்டார்களே, பாவிகள்.

19-9-93

இவர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அய்யூப் வீட்டுக்கு வந்தார். "பெங்களூர்ல இருந்து தபால் ஏதும் வந்துச்சாக்கா?" இல்லை என்றேன். இதையெல்லாம் இவர் எப்படித்தான் கற்றுக்கொண்டார் என்று கேட்டேன்.

"ரிப்பேருக்கு வாற டிரான்சிஸ்டர்ல பழைய பேட்டரி கெடக்கும்லாக்கா, அதத்தான் எடுப்பாவ. புதுசு போட விடமாட்டாவ. தீந்த பேட்டரில டேப்பு மெதுவா ஓடும், அதுல ஒண்ணொண்ணாப் பிடிப்பாவ. சுதியும் கீழ எறங்கிரும். அத மனசுக்குள்ளயே ஏத்திக்கிட்டு வாசிப்பாவ. ஒரே ஒரு எடத்த நாலு மாசம் தேச்சாவக்கா. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு."

காபி கலக்கிற சாக்கில் உள்ளே போய் நின்றேன். இப்போது அனுப்பினாலும், தேதி போன தபாலை யார் பிரிப்பார்கள்? இன்று இவர் வந்ததும் சொல்லிவிட வேண்டும்.

சொல்லவில்லை.

4-10-93

தினமும் தபால்காரரைக் கேட்கிறார். இன்று கேட்கவில்லை.

24-10-93, விஜயதசமி

கிடாரைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய வயலின் வாங்கி வந்திருக்கிறார். குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, என் எதிரே பாயில் வந்து உட்கார்ந்தார்.

"பதிலே போடலை, கோதை. கேட்டதுமே அவாளுக்குத் தெரிஞ்சுபோயிருக்கும். நீ சொன்னதுதான் சரி. எனக்குச் சத்தம்தான் தெரியும். இன்னிக்கு நல்ல நாள். அடியிலேர்ந்து சொல்லிக் கொடு."

கேலி இல்லை. வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டை, குருவுக்குக் கொடுக்கிற மாதிரியே இரண்டு கையாலும் நீட்டினார். உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தட்டை வாங்கிக்கொண்டேன்.

ஸரிகமபதநிஸ வாசித்தேன். திருப்பி வாசித்தார். வில் கிறீச்சிட்டது. ஸ்வரம் ஒன்று கூடப் பிசகவில்லை.

"சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"இன்னும் சுருதி சேரணும்" என்றேன்.