அஷ்டமியன்று எண்ணிய தலைகள்

என் அண்ணே,

நீ கண்ணை மூடிய பிறகு நம் தோட்டத்துச் செய்திகளை உனக்குச் சொல்ல ஆளில்லை. இந்த முறை நம் தமிழ்ப்பள்ளியே பத்திரிகைச் செய்தியாகிவிட்டது. தகவல் கொடுத்தவள் நான்தான், பள்ளி அலுவலகத்தில் இன்னும் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் உன் தங்கை.

பள்ளி திறந்த நாள் அஷ்டமி. நம் கரங்கான் ஊர்ப்பக்கம் எந்த அம்மா அஷ்டமியில் பிள்ளையை முதன்முதலாக வகுப்பில் உட்காரவைப்பாள்? முதலாம் ஆண்டுக்குப் பதிந்த ஒன்பது பேரில் ஐந்து பேர்தான் வந்தார்கள். மற்ற நால்வரும் தசமியன்று கோயிலில் அர்ச்சனை முடித்துக்கொண்டு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். வழக்கம்தானே.

அன்று காலை, நீ தலைப்பு எழுதிக்கொண்டிருந்த அதே பத்திரிகையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். முதலாம் ஆண்டில் இன்றைக்கு எத்தனை பேர் என்றாள், ஐந்து என்றேன். போன வருஷம் மொத்தம் எத்தனை என்றாள், பத்து என்றேன். அஷ்டமியைப் பற்றி அவள் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நானும் சொல்லவில்லை.

மறுநாள் தலைப்பு: 'மாணவர் எண்ணிக்கை பாதியாகச் சரிவு, தோட்டப் பள்ளி மூடப்படுமா?' ஒரு வருஷத்து மொத்தத்தையும் ஒரு காலைப்பொழுதையும் அருகருகே நிறுத்தியிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அது எல்லார் கைப்பேசியிலும் ஏறிவிட்டது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினாள்.

"நீங்க சொன்ன நம்பரத்தான்க்கா போட்டோம். எது தப்புன்னு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டேன். எது தப்பென்று உனக்குத் தெரிந்திருக்கும். ஏதோ ஓர் ஊரில் ஒரு வீட்டில் இருந்த டிங்கிக் காய்ச்சல் அடுத்த வீட்டுக்கும் வந்ததை நீ 'இரு மடங்கானது' என்று தலைப்பிட்டு, காய்கறி மீன் விற்கும் அந்த ஊர்ப் பாசாரே வெறிச்சோடிப்போனதை ஒரு தீபாவளிக்கு வந்தபோது சொன்னாயே.

"நம்பர் சரிதான்லா. பக்கத்துல எத வைக்கிறோம்ங்கறதுலதான் இருக்கு" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அங்கே கடை போட்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நாம் இருவருமே யோசிக்கவில்லை.

தசமியன்று ஒரு பிள்ளைதான் வந்தது. மற்ற மூன்று பேரையும் கூலிம் பட்டணத்தில் உள்ள பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். இல்லாத சரிவை எழுதினார்கள். எழுதிய பிறகு சரிவு வந்துவிட்டது. அடுத்த வருஷமும் நாலு வீட்டில் பயந்துகொண்டால் பள்ளியை உண்மையாகவே மூட வேண்டியதுதான்.

அந்த மூன்று பேரில் ஒருத்தி உன் பேத்தி, அண்ணே. ஏன் இப்படிச் செய்தாய் என்று உன் மகன் குமரனைக் கேட்டேன். அவன் சண்டைக்கு வரவில்லை.

"அப்பா வேல பாத்த பேப்பர்லா அத்தே. சும்மா எழுதுவாங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை; உன்மேல், கொஞ்சம் என்மேல். ஆனாலும் கிளம்பி வந்துவிட்டேன். அப்பா எழுதியதெல்லாம் சத்தியம் என்று நம்பிக்கொண்டிருப்பவனிடம் என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். இப்படிப்பட்ட தலைப்பு எப்படித் தயாராகிறது என்று அவனுக்குச் சொல்வேன். நீ எழுதியதையும் மறைக்கமாட்டேன். அவன் பிள்ளையைத் திரும்ப அனுப்புவானா, தெரியாது. அவன் மனத்தில் நீ கொஞ்சம் இறங்கிப்போவாய், அது நிச்சயம். பொறுத்துக்கொள், அண்ணே. நம் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
கமலா