ஓடுகிறது சரி, ஓட்டியது யார்?

பிப்ரவரி 3, திங்கள்

கணினி அறையில் இன்று இன்னும் இரண்டு இயந்திரங்கள் படுத்துவிட்டன. மிச்சம் இருப்பதில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று. வருடம் முழுக்க இதே கதைதான். ஆனாலும் எரிச்சல் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக வருகிறது.

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். பெற்றோருக்குப் போகும் முன்னேற்ற அறிக்கையில் இந்தத் தடவை கணினிப் பாடத்துக்கும் தனிப் பக்கமாம். தொடக்கம், வளர்ச்சி, தேர்ச்சி – மூன்றில் ஒன்றை எழுதி, கீழே நான்கு வரி கருத்து.

"ரொம்ப மண்டைய உடைச்சுக்காதீங்க. பிள்ளைங்க செஞ்சு வெச்சிருக்கறதப் பாத்துப் போட்டுடுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 5, புதன்

ஏழாம் வகுப்பு செய்த பந்து விளையாட்டுகளைத் திறந்து பார்த்தேன். பந்து சுவரில் மோதினால் ஒரு புள்ளி கூட வேண்டும், அவ்வளவுதான். இருப்பதிலேயே அழகாக ஓடியது வாயாடியும் பூனையும் சேர்ந்து செய்தது.

வாயாடி என் தோழியின் மகள். தோழி இதே பள்ளியில் அறிவியல் எடுக்கிறாள். தூங்கும்போதாவது அந்தப் பெண் வாயை மூடுவாளா என்று அவளிடமே கேட்டிருக்கிறேன். "அப்பவும் உளறுவா" என்றாள். பூனை அதற்கு நேர் எதிர். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வகுப்பே சேர்ந்து வைத்த பெயர். அவளும் ஒன்றும் சொல்லவில்லை, அவள்தான் எதுவுமே சொல்ல மாட்டாளே.

இரண்டு பேருக்கும் 'தேர்ச்சி' என்று எழுதப் போனேன். கை ஓடவில்லை. மவுஸ் எப்போதும் வாயாடி கையில்தான். பூனை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். அப்படியானால் பூனைக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியாது. விளையாட்டு ஓடுகிறது, சரி. ஓட்டியது யார்?

பிப்ரவரி 6, வியாழன்

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல நான் எந்த நிலை?" என்றார்.

"தொடக்கத்துக்கும் கீழ."

"பாஸ்வேர்டு தெரியுமே!"

"அத மறந்துட்டு மறந்துட்டு எங்கிட்டதானே கேக்கறீங்க."

சிரித்தோம். பிறகு யோசித்தேன். இவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது பக்கத்தில் நின்று பார்த்ததால். பிள்ளைகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கப் போகிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வேண்டுமென்றே ஒரு தப்போடு விளையாட்டைச் செய்து வைத்தேன். 'புள்ளியைப் பூஜ்ஜியம் ஆக்கு' என்ற கட்டளை, முதலில் ஒரே ஒரு தடவை வர வேண்டியது. அதைத் திரும்பத் திரும்ப நடக்கும் பகுதிக்குள் போட்டுவிட்டேன். ஓட்டுவதற்கு முன்னாலேயே படித்துவிட்டு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். எழுத வேண்டாம், தட்ட வேண்டாம். சொன்னால் போதும்.

பாதிப் பேரைக் கேட்டு முடித்தேன். கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிற ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டு சரியாகச் சொன்னான். இத்தனை நாள் எங்கே இருந்தாய் அப்பா?

பிப்ரவரி 12, புதன்

வாயாடி வந்தாள். உட்கார்ந்ததும் கை மவுஸுக்குப் போனது. "ஓட்டாம சொல்லணும்மா" என்றேன். திரையைப் பார்த்தாள். நாற்காலியைச் சரி செய்தாள். "கலர் நல்லா இருக்கு மிஸ்" என்றாள். பிறகு சத்தமே இல்லை. அவள் சும்மா இருந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கண் நிறைந்துவிட்டது. "நான் டைப் பண்ணுவேன் மிஸ். எதை எங்க வெக்கணும்னு அவதான் சொல்லுவா."

நான் கண்டுபிடிக்க வேண்டியதைத் தானே சொல்லிவிட்டாள், குழந்தை. தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்து பூனை. மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள். "எண்ணும் மிஸ். ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் அழிச்சுட்டு மறுபடி எண்ணும். எவ்வளவு நேரம் ஆடினாலும் ஒண்ணத் தாண்டாது." அவ்வளவு நீளமாக அவள் பேசிக் கேட்டதில்லை. "நீயே சரி பண்ணேன்" என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்குத் தொடத் தெரியாது மிஸ். எதையாவது கெடுத்துட்டா?"

ஒருத்திக்குக் கை இருக்கிறது, ஒருத்திக்குக் கண் இருக்கிறது. இரண்டு பேருக்குமே 'தேர்ச்சி' இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

நான்கு வரிதான். ஒருத்திக்கு எழுத ஒரு பாட வேளை பிடிக்கிறது.

வாயாடிக்கு: 'வளர்ச்சி. கை வேகம், பொறுமையாகச் சோதித்துப் பார்க்கிறாள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை உண்டு. கட்டளைகள் அடங்கிய ஒரு நிரலைப் படித்து அது என்ன செய்யும் என்று சொல்ல இன்னும் வரவில்லை. அதை இனிமேல் பழக்குவோம்.'

தோழிக்கு அறிக்கை போய்ச் சேரும் முன் நானே சொல்லிவிடுவதுதான் முறை. நாளை.

பிப்ரவரி 14, வெள்ளி

சொன்னேன். முகம் சுண்டிப்போய்விட்டது.

"வீட்டுல அவ்வளவு ஆசையா பண்றா. உனக்கு என் பொண்ணுதான் கெடச்சாளா?"

"எல்லாரையும் ஒரே மாதிரிதான்டி கேட்டேன்."

"மத்தவங்க யாராவது இப்படி உக்காந்து நோண்டறாங்களா? பக்கத்துல இருக்கறவளுக்கு வாயே கெடையாது, அவளுக்குத் தெரியுமாம், என் பொண்ணுக்குத் தெரியாதாம்!"

எழுந்து போய்விட்டாள். மதியம் ஆசிரியர் அறையில் வேறு மேசையில் உட்கார்ந்தாள். என்ன பெரிய நியாயவாதி நான்? ஒரு வார்த்தையை மாற்றி எழுதினால் என்ன குடி முழுகிப் போகும்? போகாதுதான். அதனால்தான் எல்லாரும் எழுதிவிடுகிறார்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

தலைமையாசிரியை வரை போயிருக்கிறது. "நம்ம டீச்சர் பொண்ணு. கொஞ்சம் பாத்து..." என்று இழுத்தார்.

"பாத்துட்டுதான் மேடம் எழுதினேன். நீங்களும் அந்தப் பொண்ணக் கூப்பிட்டுக் கேளுங்க. அவ சொல்றது வேற மாதிரி இருந்தா மாத்திடறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி 19, புதன்

பெற்றோர் வந்த நாள். பூனையின் அப்பா பேருந்து ஓட்டுநர், சீருடையோடே வந்திருந்தார். நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார்.

"இது எம் பொண்ணப் பத்திதாங்களா?"

"ஆமாங்க."

"பக்கத்துப் பொண்ணு செய்யறதப் பாத்துட்டு வருவேன்னுதான் வீட்டுல சொல்லுவா. சரி, நம்ம புள்ளைக்கு இது வராது போலன்னு விட்டுட்டோம்."

"வருதுங்க. தொடத்தான் பயப்படறா."

"அப்ப திட்டாம சொல்லிக் குடுங்க மிஸ்" என்றார். தாளை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு போனார்.

தோழி வரவில்லை. வாயாடியின் அப்பா வந்து வாங்கிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 24, திங்கள்

இடம் மாற்றினேன். வகுப்பு முழுக்க. இனி மவுஸ் பிடித்தவர்கள் சொல்ல வேண்டும், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் செய்ய வேண்டும். ஒரே கூச்சல்! பூனை ஒரு எழுத்தைத் தேடுவதற்குள் வாயாடி துடித்துப் போனாள். "அங்கடி... இல்லடி... ஐயோ, தள்ளு!" "தள்ளக் கூடாது" என்றேன். தன் கை மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பிப்ரவரி 27, வியாழன்

காய்ச்சல். வீட்டில்.

மார்ச் 6, வியாழன்

இன்று பூனை எதையோ அழித்துவிட்டாள். பாதி வேலை காணாமல் போனது. அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் எழுந்து போவதற்குள் வாயாடி, "அது ஒண்ணும் இல்ல, திரும்ப வரவெச்சுடலாம். நான் எத்தன தடவ அழிச்சிருக்கேன் தெரியுமா?" என்று செய்து காட்டினாள். பூனை சிரித்தாள். சத்தமாக! அறையே திரும்பிப் பார்த்தது.

மார்ச் 13, வியாழன்

வாயாடிக்கு ஒரு நிரலைக் காட்டினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தாள். முதல் பதில் தப்பு. "இருங்க மிஸ், இருங்க, சொல்லிடாதீங்க." இரண்டாவது சரி. பாதிதான் சரி. ஆனால் அந்தப் பாதி அவளுடையது.

மார்ச் 19, புதன்

கடைசி மணி அடித்த பிறகு தோழி கணினி அறைக்கு வந்தாள். ஒரு மாதத்துக்கும் மேல் ஆகிவிட்டது இந்தப் பக்கம் வந்து. கையில் எட்டாம் வகுப்புக்கு அடுத்து போக வேண்டிய அறிவியல் அறிக்கைகள், ஒரு கட்டு. என் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எல்லாத்துக்கும் 'நன்று'ன்னு எழுதி வெச்சிருக்கேன். யாருக்கு எதுக்கு எழுதினேன்னு எனக்கே தெரியல."

முதல் தாளை என் பக்கம் தள்ளினாள். "இந்தப் பையன் நல்லா படம் வரைவான். ஆனா படத்துல இருக்கறது என்னன்னு புரிஞ்சுதான் வரையறானான்னு தெரியல. எப்படிடி கேக்கறது அவன?"

விளக்கைப் போட்டேன். காவலாளி பூட்ட வரும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.