கவர்னர் இல்லாத எஞ்சின்

6 பெப்ரவரி 1976, வெள்ளி

முப்பத்தெட்டு பாகை வெயில். நாங்கள் குடியிருக்கிற இந்த வெள்ளைக்கார ஊர், நோபல் பார்க் முழுக்கக் கருகின புல் வாசம். வேலையால் வந்ததும் குசினி மேசையில் பழைய பேப்பர் விரித்து எஞ்சினைப் பிரித்தேன்.

பக்கத்து வீட்டுக் கெவின் தன் பின்வளவில் துருப்பிடித்துக் கிடந்த, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டியை என் புருசனுக்குக் கொடுத்திருக்கிறான். 21ஆம் திகதி டண்டினொங் பக்கம் ஒரு மைதானத்தில் புல்வெட்டிப் பந்தயமாம். வெட்டும் அலகைக் கழற்றிவிட்டு ஓடுவார்களாம். கலியாணம் கட்டின ஆம்பிளைகள்!

ஓட்டப்போவது இவர். எஞ்சினைக் கட்டப்போவது நான். இவர் கந்தோரில் வரைபடம் கீறுகிறவர். ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாது. அப்பா ஊரில், சுன்னாகத்தில் தண்ணிப் பம்ப் திருத்தினவர், எட்டு வயதில் எனக்கு வால்வ் அரைக்கத் தெரியும். இங்கேயும் தொழிற்சாலையில் நாள் முழுக்கச் சின்ன எஞ்சின்தான் பூட்டுகிறேன்.

பார்த்தது:
பிஸ்டன் வளையம் தேய்வு.
வால்வ் இரண்டிலும் கரி.
கார்பரேட்டருக்குள் சிலந்திக் கூடு.
பிஸ்டனைப் பிடித்திருக்கும் கொன்றொட் வெறும் அலுமினியம். இது சரியில்லை.

இவர் கதிரையில், கையில் பியர். "நாங்கள் இதை ஒரு கலக்குக் கலக்கவேணும்."

நாங்களாம்.

8, ஞாயிறு

காலையில் வால்வ் அரைத்தேன். இரண்டு மணித்தியாலம். நல்ல வளையமாக மினுங்கியது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

பின்னேரம் மகேஸ் அன்ரி வந்தா. தமிழ்ச் சனம் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் இங்கே, அதிலும் இவவைத்தான் இவர் கூப்பிடுவார். என் நகத்தைப் பார்த்தா.

"என்ன பிள்ளை, கையெல்லாம் கறுப்பு?"

நான் வாய் திறக்க முதல் இவர்: "நான் ஒரு எஞ்சின் கட்டுறன் அன்ரி. இவ துடைச்சுக் குடுக்கிறா."

துடைச்சு. தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் குசினிக்குள் நின்றேன். சீனி போடவில்லை இவருக்கு. முழுக்கக் குடித்தார். அதுகூடத் தெரியாத மனிதன்.

11, புதன்

மழை. சாப்பாட்டு நேரத்தில் எங்கள் தொழிற்சாலை மிலானிடம் எஞ்சினின் தலைமூடியைக் கொண்டுபோனேன். யூகோஸ்லாவியாக்காரன், கடைசல் வேலைக்கு அவனை மிஞ்ச ஆளில்லை. அடிப்பக்கத்தை ஒரு மில்லிமீற்றர் சீவித் தந்தான். காற்றும் பெற்றோலும் இன்னும் நெருங்கும், அடி பலமாக விழும். அதற்கு மேலே சீவக்கூடாது. அவனும் அதையேதான் சொன்னான்.

இரவுக்குப் பாண், பருப்பு. இவருக்கும் அதுதான்.

14, சனி

பூட்டி முடிந்தது. பின்வளவில் கயிற்றை இழுத்தேன். இரண்டாம் இழுப்பில் பிடித்தது. என்ன சத்தம்! பிரிக்க முதல் இழுத்துப் பார்த்தபோது தொண்டைகட்டின கிழவன் மாதிரி இருமின எஞ்சின். இப்போது நிலம் அதிர்கிறது.

கவர்னரைக் கழற்றவில்லை. எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சுழலாமல் பிடிக்கிற சாமான் அது. அதன் ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் இறுக்கி, நிமிடத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு சுற்றுவரை விட்டிருக்கிறேன். போதும்.

கெவின் வேலிக்கு மேலால் எட்டி, கவர்னரைப் பிடுங்கி எறியச் சொன்னான். மற்றவர்கள் எல்லாரும் எறிந்துவிட்டார்களாம். என் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னேன்: கொன்றொட் அலுமினியம், தாங்காது, உடைந்து வெளியே வரும்.

இவரைப் பார்த்துக் கண்ணடித்தான். "உன் மனிசி கறி கரிகிறதென்று பயப்படுகிறாள் போல."

பகிடியே இல்லை. இவர் சிரித்தார். அவனைவிடக் கூடச் சிரித்தார்.

கெவின் சிரித்ததற்கு எனக்குக் கோபமில்லை.

17, செவ்வாய்

இவரின் சேர்ட்டைத் தோய்க்க எடுத்தால் பையில் பந்தயப் படிவம். ஓட்டுபவர், இவரின் பெயர். எஞ்சின் கட்டியவர், கெவின்.

கேட்டேன்.

"உம்மடை பேரை எழுதினால் சிரிப்பினம்."

"ஆர் சிரிப்பினம்?"

"எல்லாரும்தான். பொம்பிளை கட்டின எஞ்சினிலை வந்து நிக்கிறான் எண்டு. நீர் உதை ஒரு பெரிய விசயமா எடுக்காதையும்."

சேர்ட்டைத் தோய்க்கவில்லை. அப்படியே கதிரையில் போட்டேன். இனி அவரே தோய்க்கட்டும்.

19, வியாழன்

வேலையால் வர, குப்பை வாளிக்குள் கவர்னர். அதன் இரும்புக் கை முறிந்து, ஸ்பிரிங் நெளிந்து. இவரும் கெவினும் அரை நாள் லீவு போட்டுக் கழற்றியிருக்கிறார்கள். திருப்பிப் பூட்ட ஏலாது.

"உடையும்," என்றேன். "ஓட்டத்திலை உடையும். எஞ்சின் உங்கடை முழங்காலுக்கு முன்னாலை இருக்குது. யோசிச்சனீங்களோ?"

"பயமெண்டால் நீர் வராதையும்."

உடையட்டும். எழுதிவிட்டேன், அழிக்கப்போவதில்லை. உடைந்து, எல்லாருக்கும் முன்னால் இவர் நிலத்தில் கிடந்து என்னைப் பார்க்கட்டும்.

20, வெள்ளி

மூன்று வருசம் ஒரே வீட்டில் இருந்தாயிற்று. இவரின் காலில் எங்கே தழும்பு என்றுகூடத் தெரியும். சனியன்.

மிலானிடம் தடித்த இரும்புத் தகடு கேட்டேன். எஞ்சின் உடைந்தால் ஒரு காலை மறைக்க என்று சொன்னேன். அவன் எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை.

"யாருடைய கால்?"

"புருசனுடையது."

"நல்ல புருசனா?"

"இல்லை."

கால் அங்குலத் தகடாகப் பார்த்து வளைத்துத் தந்தான்.

வீட்டுக்கு வந்து எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவில் வைத்து ரிவெட் ஆணி அடித்தேன். இவர் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார், பாரம் கூடுமாம். கழற்றுவதென்றால் இரும்பு அறுக்கிற வாள் வேண்டும். வாளை ஒளித்துவிட்டேன்.

21, சனி

இளவெயில். வராதே என்றாலும் போனேன், பஸ்ஸில். பொம்பிளைகள் எல்லாரும் கேக் மேசைக்குப் பின்னால். நான் ஓடுபாதையோரம் கட்டின கயிற்றுக்குப் பக்கத்தில்.

பதினொரு புல்வெட்டி. முதற்சுற்றில் இவர் மூன்றாவது. இரண்டாவது சுற்றில் முதலாவது. ஆட்டுக்குட்டிகளுக்குள் மாடு பாய்ந்த மாதிரி. என் எஞ்சின்! கேக் மேசையை விட்டு வந்த ஒருத்தி என் கையைப் பிடித்தாள், நான் துள்ளியிருக்கவேண்டும்.

மூன்றாவது சுற்று, நேர்ப்பாதை. சத்தம் மெலிந்து கீச்சிட்டது. எனக்கு விளங்கிவிட்டது. "வேகத்தைக் குறையுங்கோ! குறையுங்கோ!" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

வெடி. புகை. ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றது.

இவர் இருக்கையிலேயே இருந்தார். முகம் சாம்பல். எஞ்சின் வயிற்றில் கை போகிற ஓட்டை. கொன்றொட் துண்டு தகட்டில் அடித்து, நடுவில் ஒரு முட்டையளவு வீக்கம். தகட்டுக்கு இந்தப் பக்கம் இவரின் முழங்கால், ஒரு கீறலும் இல்லாமல்.

பந்தயம் நடத்துகிற கிழவர் வந்து குனிந்து தகட்டைத் தடவினார். யார் போட்டது என்று கேட்டார். கெவின் இவரைப் பார்த்தான். இவர் கையில் இருந்த தலைக்கவசத்தைப் பார்த்தார்.

கொஞ்சம் பொறுத்தேன். இவர் சொல்லுவார் என்று.

"நான்," என்றேன். "எஞ்சினும் நான்தான் கட்டினேன். கவர்னரைக் கழற்றினது இவர்கள் இரண்டு பேரும்." ஆங்கிலம் தடக்கவில்லை. இத்தனை சனத்துக்கு முன்னால் இதுவரை நான் பேசினதில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை.

கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தன் கொட்டிலில் இதே மாதிரி ஒரு எஞ்சின் சும்மா கிடக்கிறதாம், வேண்டுமென்றால் வந்து தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். பொம்பிளை ஓட்டலாமா என்று கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை, கூடாதென்று எங்கும் எழுதியும் இல்லை என்றார்.

22, ஞாயிறு

மத்தியானம். இவர் குசினி வாசலில் வந்து நின்று:

"உமக்கு என்னிலை அவ்வளவு கோவம். பிறகேன் அந்தத் தகட்டைப் போட்டனீர்?"

கோழி வெட்டிக்கொண்டிருந்தேன். நல்ல பதிலாக ஒன்று சொல்லியிருக்கலாம்.

"நொண்டியை வைச்சு ஆர் பாக்கிறது?" என்றேன்.

போய்விட்டார். கொஞ்ச நேரத்தால் தோய்க்கிற தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம். கதிரையில் கிடந்த சேர்ட்டைக் காணோம்.

மன்னிப்பு என்று ஒரு சொல் இன்னும் வரவில்லை. நானும் கேட்கப்போவதில்லை.

29, ஞாயிறு

முகில். குளிர்ந்த காற்று. கிழவரின் எஞ்சின் பூட்டியாயிற்று, கவர்னரோடு. தகடு அப்படியே, வீக்கத்தோடு.

சேலையை விட்டு இவரின் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறினேன். கேட்கவில்லை, எடுத்தேன். முதல் கியர், இரண்டாவது. உடுப்புக் காயப்போடும் கம்பத்தைச் சுற்றி ஒரு வட்டம். வேலியில் ஒரு பலகை போயிற்று. கெவின் தலையை நீட்டிவிட்டு உடனே உள்ளே இழுத்தான்.

இவர் படியில் எழும்பி நின்று, இரண்டு கையையும் ஆட்டி, "மெதுவா! மெதுவா!" என்று கத்துகிறார்.

கேட்காத மாதிரி மூன்றாவதைப் போட்டேன்.