பதின்மூன்று லீற்றர்

ஆகஸ்ட், சனிக்கிழமை இரவு

மனைவியின் தம்பி ரவி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு, படுத்துறங்கும் ட்ரெயிலரை ட்ரக்கில் இழுத்துக்கொண்டு ஹலிஃபாக்ஸ் போகிறான். மத்தியானம் வழியிலிருந்து போன் எடுத்தான்.

"அத்தான், ட்ரக் நூறு கிலோமீற்றருக்கு இருபத்திரண்டு லீற்றர் பெற்றோல் குடிக்குது. நீங்கள் பதின்மூண்டு எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

குரலில் கோபமில்லை. திட்டியிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

சொன்னேன்தான். ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா வாசலில், பத்துப் பேர் பார்க்க என் ட்ரக்கைத் தட்டித் தட்டி, ட்ரெயிலர் இழுத்தாலும் பதின்மூன்றுதான் என்று சொன்னேன். அதை நம்பித்தான் அதே ட்ரக்கையும் அதே அளவு ட்ரெயிலரையும் வாங்கினான். என்னுடையதும் இருபத்திரண்டுதான். பெற்றோல் பம்பில் பக்கத்தில் நின்ற மனைவிக்கும் அது தெரியும்.

இன்றைக்காவது ஒப்புக்கொண்டிருக்கலாம். "நீ வேகமா ஓடுறாய், ஏசியும் போடுறாய்" என்றேன். கேட்டுக்கொண்டிருந்த மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"ஓம் அத்தான், என்ரை பிழைதான். ஏசியை நிப்பாட்டுறன்."

பின்சீட்டில் பிள்ளைகள் ஏற்கெனவே சிணுங்குவது போனில் கேட்டது.

படுக்கப் போகும்போது அவனுடைய செய்தி வந்திருந்தது. "அத்தான், எண்பதிலை ஓட இருபதாக் குறைஞ்சிட்டுது. பிள்ளையள் வெக்கையிலை அழுதழுது படுத்திட்டினம். நாளைக்கு எழுபதிலை ஓடிப் பாக்கிறன். பதின்மூண்டு வரும்."